அந்த அம்மா கடைசியில் வந்தாளா?

இரண்டு வருடங்களுக்கு முன், ஆனி மாதக் கடைசியில் நடந்தது இது. இடம், திருநெல்வேலியில் நான் ஆபரேட்டராக வேலை பார்க்கும் தியேட்டர். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதால், சினிமாவுக்கு வரவேண்டிய கூட்டம் எல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தது. இந்த மாதிரி ஈயோட்டும் நாட்களில்தான் பெரிய நடிகர்கள் இல்லாத சின்னப் படங்களுக்கு எங்களிடம் இடம் கிடைக்கும். அப்படி வந்ததுதான் அந்தப் படமும்.

ஒரு திருநம்பியின் காதல் கதை அது. திருநங்கை என்றால் எனக்குத் தெரியும். திருநம்பி என்ற சொல்லை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. பெண் குழந்தை என்று ஊர் நினைக்கும் ஒரு பிள்ளை, தான் ஆண் என்று உணர்ந்து ஆணாகவே வாழ்வது என்று மேனேஜர் விளக்கினார். அவருக்கும் போஸ்டர் கொண்டுவந்த ஆள் சொல்லித்தான் தெரியும். போஸ்டரைப் பார்த்து நானும் சைக்கிள் ஸ்டாண்டுக்காரரும் கேலி பேசிச் சிரித்தோம். மூன்று நாள் தாங்காது என்று நான் சொன்னேன். அந்த விஷயத்தில் என் கணக்கு பெரும்பாலும் தப்பாது. முப்பது வருடமாக ஒரு கண்ணாடி ஜன்னல் வழியாகக் கூட்டத்தின் முதுகைப் பார்த்துப் பார்த்தே எந்தப் படம் ஓடும், எது படுத்துவிடும் என்று சொல்லிவிடுவேன் என்ற கர்வம் எனக்கு உண்டு.

உண்மையைச் சொன்னால், படம் ஓட்டுகிறவர்கள் படம் பார்ப்பதில்லை. சத்தம் சரியா, வெளிச்சம் சரியா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நாங்கள் செல்போனில் மூழ்கிவிடுவோம். ஆனால் அந்தப் படம் முதல் நாளே என்னை ஜன்னல் பக்கம் இழுத்துவிட்டது.

கதை இதுதான். மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான் ஓர் இளைஞன். எங்கிருந்தோ வந்தவன், பழைய கதை யாருக்கும் தெரியாது. எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் ஸ்கூட்டர் தினமும் மக்கர் பண்ணுகிறது. தினமும் உருட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள், அவனும் தினமும் சரிபண்ணிக் கொடுக்கிறான். அவளே பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டுவருகிறாள் என்று நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. தன்னைப் பற்றிய உண்மையை அவளிடம் சொல்லாமல் பழகக்கூடாது என்று ஒரு மழை நாளில் பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கி நிற்கும்போது சொல்லிவிடுகிறான். அவள் மழையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மழை விட்டதும் கிளம்புகிறாள். போகிற போக்கில் திரும்பி, "நாளைக்கும் என் வண்டி ஸ்டார்ட் ஆகாது" என்று சொல்கிறாள். அவ்வளவுதான். கல்நெஞ்சக்காரன் என்று என் வீட்டில் பெயர் வாங்கியவன் நான். அந்த இடம் வரும்போதெல்லாம் செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலில் போய் நின்றுவிடுவேன்.

அவனுக்கு ஒரு அம்மா உண்டு. அவன் போன் செய்தால் குரலைக் கேட்டதும் கட் பண்ணிவிடுவாள். கல்யாணத்துக்கு அழைக்கிறான், அப்போதும் பேசமாட்டாள். கோயிலில் தாலி கட்டப் போகும் நேரத்திலும் அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரும் வரவில்லை. தாலி கட்டுகிறான். இரண்டு பேரும் அதே ஸ்கூட்டரில் ஏறிப் போகிறார்கள். படம் முடிந்தது, பெயர்கள் ஓடத் தொடங்கின. நான் விளக்கைப் போட்டேன்.

மூன்று நாள் தாங்காது என்ற என் கணக்கு கொஞ்சம் தப்பியது. மற்ற காட்சிகளைத் தூக்கிவிட்டு மதியக் காட்சிக்கு மட்டும் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை மதியம் உள்ளே பத்துப் பேர் இருந்தால் அதிகம். அதில் ஒருவர், விளக்குப் போட்டு எல்லோரும் போன பிறகும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுப்பப் போனேன். அறுபதை நெருங்கும் வயது, வெள்ளை வேட்டி, வாழைக்கறை படிந்த சட்டை. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நாளைக்கும் இந்தப் படம் உண்டுமா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன்.

மறுநாளும் வந்தார். இந்த முறை படம் விட்டதும் நானே வலியப் போய் டீக்கடைக்குக் கூப்பிட்டேன். ஒரே படத்தை அடுத்தடுத்த நாள் பார்க்க வருகிறவர்கள் நடிகர்களின் ரசிகர்களாக இருப்பார்கள், இல்லாவிட்டால் போக்கிடம் இல்லாதவர்களாக இருப்பார்கள். இவர் இரண்டும் இல்லை. என்னதான் விஷயம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை, வேறொன்றும் இல்லை.

ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வாழை விவசாயம் அவருக்கு. டீ கிளாஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான் அண்ணாச்சி. இந்தப் படத்துல வாரவன மாதிரி."

ஒரே பிள்ளை. பெண் என்று நினைத்துத்தான் வளர்த்தார்கள். பாளையங்கோட்டையில் காலேஜ் படித்து முடித்ததும் ஒருநாள் அப்பா அம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அம்மா அன்றைக்கு எழுந்து உள்ளே போனவர்தான், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கோயம்புத்தூருக்குப் போய் வேலை தேடிக்கொண்டான், வைத்தியமும் பார்த்துக்கொண்டான். அப்பாவிடம் மட்டும் அவ்வப்போது பேசுவான். இப்போது அவனுக்கும் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கும் பிடித்துப்போய், ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறான். வேறு எதுவும் கேட்கவில்லையாம்.

"அவகிட்ட இதப் பேச எனக்கு வாய் வரல. ஆரம்பிச்சா சண்டையிலதான் முடியுது" என்றார். "நானும் மொதல்ல அவன அடிக்கப் போனவந்தான், பொய் சொல்லல. ஆனா இந்தப் படம் பேசுத மாதிரி எனக்குப் பேசத் தெரியாது அண்ணாச்சி. அந்தப் பய வாசலையே பாத்துக்கிட்டு நிக்கான்லா, அத அவ ஒரு தடவ பாத்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோயிலுக்கு என்று சொல்லி மனைவியை அழைத்து வருவதாகவும், கோயிலிலிருந்து அப்படியே படத்துக்குக் கூட்டிவந்துவிடுவதாகவும் சொன்னார். வெள்ளிக்கிழமை படம் இருக்குமா என்று என்னிடம் கேட்டார். நான் எழுந்து போய் மேனேஜரிடமே கேட்டு வந்தேன். அடுத்த வாரமும் மதியக் காட்சி மட்டும் ஓடும் என்றார். அதை அப்படியே வந்து இவரிடம் சொன்னேன். "பயப்படாம கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி, நான் இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சேர்த்தும் சொன்னேன். என் வீட்டு விசேஷத்துக்கு அழைக்கிற மாதிரி அவ்வளவு உற்சாகம் எனக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பெரிய நடிகர் ஒருவரின் படம் ஏதோ வழக்கில் மாட்டி நின்றுபோயிருந்தது. அந்தச் சிக்கல் திடீரென்று தீர்ந்து, மறுநாளே வெளியாகிறது என்று தகவல் வந்தது. எல்லாக் காட்சிகளும் அதற்குத்தான். சின்னப் படம் தூக்கப்பட்டது. சொல்லிவிடலாம் என்றால் அந்த மனிதரின் போன் நம்பர் என்னிடம் இல்லை. ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் வீட்டுக் கதையெல்லாம் கேட்டவன், நம்பர் கேட்கவில்லை. பெரிய படம் வந்துவிட்டதை ஊரே பேசுகிறதே, அவர் காதிலும் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் காதில் விழவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், வாசலில் மேளமும் வெடியும் கட் அவுட்டுக்குப் பாலுமாக ஒரே அமர்க்களம். அந்தக் கூட்டத்தை எப்படியோ விலக்கிக்கொண்டு அவர் பின்பக்கப் படியேறி என் அறைக்கே வந்துவிட்டார். நெற்றியில் கோயில் விபூதி. மூச்சு வாங்கியது.

"என்ன அண்ணாச்சி, வேற படத்தப் போட்டுட்டீக?"

சொன்னேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பெட்டி இங்கனதான இருக்கு? உங்களுக்கு எப்பம் நேரம் ஒழியுதோ அப்பம் ஒரு தடவ போடுங்க. நாங்க எவ்வளவு நேரம்னாலும் காத்துக் கிடக்கோம்" என்றார்.

அவர் நினைத்தது ரீல் காலம். அந்தக் காலமாக இருந்தால் செய்திருப்பேன். பெட்டி பார்சல் ஏறும் முன் வேண்டியவர்களுக்கு ஒரு ரீலை மறுபடி ஓட்டிக்காட்டியதெல்லாம் உண்டு. இப்போது படம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதைத் திறக்க, கம்பெனியிலிருந்து ஒரு ரகசியச் சாவி எண் வரும், அதற்கு நாள் கெடு உண்டு. வியாழக்கிழமை ராத்திரியோடு அது செத்துவிட்டது. படம் அந்த மிஷினுக்குள்ளேயேதான் இருந்தது. அவர் கையை எட்டி நீட்டினால் தொட்டுவிடலாம். ஆனால் என்னால் திறக்க முடியாது. இதை அவருக்கு விளக்கியபோது நம்பவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் போன் நம்பரைச் சொல்லி, எப்போதாவது அந்தப் படம் திரும்ப வந்தால் கூப்பிடச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

"பஸ்ஸுலதான் அவகிட்ட விஷயத்தச் சொன்னேன். திரும்பிப் போவோம்னுதான் மொதல்ல சொன்னா. அப்புறம் என்ன நெனச்சாளோ, படத்தப் பாக்கேன், ஆனா அதுக்கு மேல எங்கிட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கா. இனிமே கூப்பிட்டா வரமாட்டா அண்ணாச்சி."

அதைச் சொல்லிவிட்டு அவர் படி இறங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை. படத்தைத் தட்டிவிட்டேன், இடைவேளை வரை மிஷின் பார்த்துக்கொள்ளும். நானும் பின்னாலேயே இறங்கினேன். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்து நிழலில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, பச்சைக் கரைப் புடவை, கையில் கோயில் பிரசாதப் பை. அத்தனை இரைச்சலுக்கு நடுவே அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"அக்கா, படம் இல்லன்னா என்ன? கத என் வாயிலதான் இருக்கு, நான் சொல்லுதேன்" என்றேன்.

எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு அவர்களை உட்காரவைத்து, நான் ஒரு காலி கேன் மேல் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். முதலில் தட்டுத்தடுமாறினேன். அந்த அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெராக்ஸ் கடைப் பெண் தானே ஒயரைக் கழற்றிவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு வருவதைச் சொன்னபோது, "கள்ளி" என்றார். உதட்டோரம் ஒரு சிரிப்பு. அவர் கணவர் அதிசயத்தைப் பார்க்கிற மாதிரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு சிரிப்பு எனக்குப் போதுமாக இருந்தது. பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. மழை, பெட்ரோல் பங்க், அந்தப் பையன் உண்மையைச் சொல்வது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். 'நாளைக்கும் என் வண்டி ஸ்டார்ட் ஆகாது' என்ற இடத்தில் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா போனைக் கட் பண்ணுவதைச் சொன்னபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். கல்யாண ஏற்பாடு வரைக்கும் வந்துவிட்டேன்.

அதற்குள் உள்ளே பாட்டு மாறியது. இடைவேளை வரப்போகிறது, நான் மேலே ஓடியாக வேண்டும். எழுந்தேன். அப்போது அவர் என் முகத்தை நேராகப் பார்த்து முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பையனோட அம்மா கடைசில வாராளா?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாரம் முழுக்க அந்தப் படத்தை ஓட்டியவன் அல்லவா, எனக்குத் தெரியாதா? "இல்லக்கா, வரல" என்றேன்.

அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். "பெத்தவ இல்லாமலும் நடந்துருது, என்ன?" என்று யாரிடமோ கேட்பதுபோல் கேட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. போகிற அவசரத்தில், "அதெல்லாம் ஜாம்ஜாம்னு நடக்கும்க்கா, ஒரு கொறையும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் படியேறினேன். அவன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் சொல்லவில்லை. அவர் கணவர் பார்க்கவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதே அந்த ஒரு இடத்தைத்தான். அது என் ஞாபகத்திலேயே இல்லை.

இடைவேளை முடிந்து படத்தைத் தட்டிவிட்டு மறுபடி இறங்கி வந்தபோது நாற்காலிகள் இரண்டும் காலியாக இருந்தன. அம்பாசமுத்திரம் வழி தென்காசி பஸ்ஸில் ஏறிவிட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார். கதை நன்றாகச் சொன்னேன் என்ற திருப்தியோடுதான் அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனேன். அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு மாசக்கணக்கில் அவர்களை மறந்தே போனேன். தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காலேஜில் படிக்கும் என் மகள் செல்போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் அதே ஒர்க்‌ஷாப், அதே ஸ்கூட்டர். இது நான் ஓட்டிய படம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணம் முடிந்தது, ஸ்கூட்டர் போனது, பெயர்கள் ஓட ஆரம்பித்தன. நான் எழப்போனேன்.

"இருங்கப்பா, இன்னும் இருக்கு" என்றாள் மகள்.

பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்ததும் ஒரு வீடு வந்தது. அந்தப் பையனும் பெண்ணும் குடியிருக்கும் சின்ன வாடகை வீடு. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவன் போய்த் திறக்கிறான். அவனுடைய அம்மா நிற்கிறாள், வெயிலில் நடந்து வந்த களைப்போடு. அவன் விலகி வழிவிடுகிறான். அவள் உள்ளே வந்து, அடுப்படி எந்தப் பக்கம் என்று பார்த்து, கையைக் கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "பசிக்குது, சோறு போடு" என்கிறாள். அத்துடன் முடிந்தது.

நம் பக்கத்தில் பகை இருக்கும் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒருத்தி வந்து கையைக் கழுவிக்கொண்டு சோறு கேட்டால் அதற்கு மேல் ஒரு சமாதானப் பேச்சும் வேண்டியதில்லை. அந்த அக்காவுக்கு அது புரிந்திருக்கும். யாரும் விளக்கியிருக்க வேண்டாம்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து, மிஷினை நிறுத்திவிடுவோம். கூட்டம் சீக்கிரம் வெளியேறினால்தான் கூட்டிப் பெருக்கி அடுத்த காட்சிக்கு ஆளை விட முடியும். எந்த ஊர் ஆபரேட்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். முப்பது வருடமாக நான் அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தையும் ஒவ்வொரு காட்சியிலும் அந்தத் தாய் கதவைத் தட்டும் முன்பே நிறுத்தியிருக்கிறேன். ஆழ்வார்குறிச்சிக்காரர் இரண்டு நாள் வந்து அழுதுவிட்டு, வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அப்போது அந்த அம்மா வரவேண்டிய நேரம் அது.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அந்த நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். வயலில் இருந்தார், மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, "படம் திரும்ப வந்துட்டா அண்ணாச்சி?" என்று ஆவலாகக் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டபோது போனை வைத்துவிடலாமா என்று இருந்தது.

கல்யாணத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். ஆவணியிலேயே முடிந்துவிட்டதாம். அவர் மட்டும் போயிருக்கிறார்.

"அவளக் கூப்பிட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. நீங்க போயிட்டு வாங்க, பெத்தவ இல்லாமலும் ஜாம்ஜாம்னு நடக்கும்னு அந்தத் தியேட்டர்காரரே சொன்னாருல்லான்னு சொல்லிட்டா. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? அவன் தாலி கட்டுத வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டேதான் இருந்தான்."

என் வார்த்தை. நான் படியேறும் அவசரத்தில் சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை. அதை அந்த அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பத்திரமாக வைத்திருந்து, கேட்டபோது எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

நடந்ததைச் சொன்னேன். பெயர்களுக்குப் பிறகு ஒரு காட்சி இருந்தது, நான் பார்த்ததில்லை, அதில் அந்த அம்மா வருகிறாள் என்று சொன்னேன். அவர் மோட்டாரை நிறுத்துவது கேட்டது. வரப்பில் நடக்கிறார் போலிருக்கிறது, மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. "வீட்டுக்குப் போறேன். அவகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார்.

போன் கை மாறியது. "அக்கா, நான் தியேட்டர்லருந்து பேசுதேன்" என்றேன். "அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தப் பையனோட அம்மா கடைசில வாராக்கா. வீட்டுக்கு வந்து, கையக் கழுவிட்டு, பசிக்குது சோறு போடுன்னு கேக்கா."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன், இல்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா தம்பி" என்றார். கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் கோயம்புத்தூருக்குப் போனாரா, மகன் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள நம்பர் இருக்கிறது, தைரியம்தான் இல்லை. போயிருந்தாலும் மகன் தாலி கட்டிய அந்த ஒரு காலைப்பொழுதை இனி யாராலும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

'நான் முழுசாப் பாக்கலக்கா, எனக்குத் தெரியாது' என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தத் தாய் தன் பிள்ளையின் கதைக்கு முடிவை என் வாயிலிருந்து எடுத்துக்கொள்ளாமல், தானே போய்ப் பார்த்திருப்பார்.